பிள்ளையின் காத்திருப்பில் நமக்கும் ஓர் இடம்



பெருநாள் பிறை காணக் காத்திருக்கும் மாலையை நாம் எல்லோரும் அறிவோம். மஃரிபு தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். மேற்கு வானத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறை தென்பட்டாலும் தென்படாவிட்டாலும் அந்த மாலை அவர்கள் நினைவில் தங்கிவிடுகிறது. காரணம், அவர்கள் தனியே காத்திருக்கவில்லை. வாப்பாவும் உம்மாவும் அண்டை வீட்டாரும் அவர்களோடு சேர்ந்து காத்திருந்தார்கள்.

பிள்ளைகள் தாமாகவே தேர்ந்துகொண்டு காத்திருக்கும் வேறு காரியங்களும் உண்டு. ஒரு நூலின் அடுத்த பாகம், ஒரு விளையாட்டுப் போட்டி, ஒரு தொலைக்காட்சித் தொடர். அவற்றில் நாம் பெரும்பாலும் உடன் நிற்பதில்லை. ஒன்று, தடுக்கிறோம். அல்லது, கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. அதை ஒரு சிறுமியிடமிருந்தும், நான் செய்த ஒரு பிழையிலிருந்தும் கற்றுக்கொண்டேன்.

ஒரு தொடரும் அதன் கிளையும்

2006ஆம் ஆண்டு முதல் ஈராண்டுகள் பணி நிமித்தம் இலண்டனில் என் ராத்தாவின் வீட்டில் தங்கியிருந்தேன். நகரின் மேற்குப் பகுதியில், ஈலிங்குக்கு அருகில் அவ்வீடு இருந்தது. ராத்தாவின் மகளுக்கு அப்போது 9 வயது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிபிசி நிறுவனம் சிறுவருக்கான புதிய அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றை அறிவித்தது. 'தி சாரா ஜேன் அட்வென்ச்சர்ஸ்' என்பது அதன் பெயர். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு காத்திருப்பு தொடங்கியது.

அது 'டாக்டர் ஹூ' என்னும் பழைய தொடரிலிருந்து கிளைத்த தொடர். 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று பிரிட்டனில் முதன்முதலில் ஒளிபரப்பானது. காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் ஒருவரைப் பற்றிய கதை அது. அதன் முதற்கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவருடைய தாயார் அத்தியா ஹுசைன், ஆங்கிலத்தில் புதினமும் சிறுகதைகளும் எழுதிய எழுத்தாளர். பிரிட்டானியப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் போற்றி வரும் ஒரு தொடருக்கு முதல் வடிவம் கொடுத்ததில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளையின் பங்கும் இருக்கிறது.

சாரா ஜேன் ஸ்மித் அத்தொடரில் வந்த ஒரு செய்தியாளர். எலிசபெத் ஸ்லேடன் என்னும் நடிகை 1973ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வேடத்தை ஏற்றார், 1976இல் விலகினார். கதையில், டாக்டர் அவரைப் பூமியில் இறக்கிவிட்டுச் சென்றுவிடுகிறார். 1981 டிசம்பரில் அவரையும் ஓர் இயந்திர நாயையும் மையமாக வைத்து ஒரு கிளைத்தொடருக்கான முன்னோட்டப் படம் வெளியாயிற்று. சுமார் 84 லட்சம் பேர் பார்த்தும் அது தொடராக வளரவில்லை. மூலத்தொடரே 1989இல் நின்றுபோய், 2005இல்தான் மீண்டும் தொடங்கியது. 2006 ஏப்ரல் 29 அன்று அதில் சாரா ஜேன் திரும்பி வந்தார். தம்மை விட்டுச் சென்ற டாக்டரைப் பார்த்து, 'நான் உங்களுக்காகக் காத்திருந்தேன்' என்னும் கருத்தைச் சொல்லும் காட்சி அதில் உண்டு. நீண்ட காலம் காத்திருந்து முதுமையை எட்டிக்கொண்டிருந்த பெண்ணின் குரல் அது.

அதைப் பார்த்த நாளிலிருந்து ராத்தாவின் மகள் சாரா ஜேனின் பக்கம் சாய்ந்துவிட்டாள். பிபிசியின் சிறுவர் பிரிவு முதலில் கேட்டது டாக்டரின் இளமைக்காலக் கதையை. தயாரிப்பாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் அதற்கு இணங்கவில்லை. டாக்டரின் மர்மம் குலைந்துவிடும் என்றார். அதற்கு மாற்றாக, 60 வயதை ஒட்டிய ஒரு பெண்மணியை நாயகியாக வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு தொடர் எடுக்கலாம் என்றார். சிறுவர் தொடருக்கு இளம் நாயகன்தான் வேண்டும் என்று எண்ணுவது வழக்கம். பாட்டி வயதை எட்டும் ஒருவரைப் பிள்ளைகள் நேசிப்பார்கள் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை.

இரண்டு வீடுகள், இரண்டு காத்திருப்புகள்

என் அலுவலகத்தில் 40 வயதான ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். சாரா ஜேன் விலகிச் சென்ற 1976இல் அவருக்கு 10 வயது. அன்று அழுததை 30 ஆண்டுகள் கழித்தும் வெட்கமின்றிச் சொல்வார். இப்போது அவருடைய மகனும் அதே சாரா ஜேனுக்காகக் காத்திருந்தான். தந்தையும் மகனும் மேசையில் அமர்ந்து, புதிய தொடரில் யார் யார் வருவார்கள், அந்த இயந்திர நாய் வருமா, டாக்டர் ஒருமுறையேனும் எட்டிப் பார்ப்பாரா என்று பேசிக்கொள்வார்களாம். தொடர் எப்படி அமையும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சே அவர்களுக்கு ஒரு விருந்தாக இருந்தது.

எங்கள் வீட்டில் சிறுமி மட்டும் காத்திருந்தாள். குளிர்பதனப் பெட்டியின் மேல் பள்ளிவாசல் கொடுத்த தொழுகை நேர அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது. முன்னோட்டக் கதை 2007 ஜனவரி 1 அன்று வரும் என்று தெரிந்ததும் அவள் அந்த அட்டவணையில் நாள்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தாள். கதை நிகழும் பேனர்மன் சாலை ஈலிங்கில் இருப்பதாக அறிந்ததும் அவளுடைய பரபரப்பு இரட்டிப்பாயிற்று. "மாமா, அது நம்ம வீட்டுப் பக்கந்தானே? ஒரு நாள் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். அது கற்பனைத் தெரு. படப்பிடிப்பு வேல்ஸ் நாட்டில் நடந்தது. அதைச் சொல்லி முடித்துவிட்டு நான் செய்தித்தாளைப் புரட்டினேன். எழுந்து சென்று அவளோடு ஒரு வரைபடத்தை விரித்திருக்கலாம். அந்த எண்ணம்கூட எனக்கு அன்று எழவில்லை.

அந்த ஜனவரி முதல் தேதி, ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த தஷ்ரீக் நாள்களுள் அமைந்தது. வீடு நிறைய விருந்தினர். பனிக்காலமாதலால் மாலை 4 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிட்டது. மஃரிபை முடித்துவிட்டு அவள் புத்தாடையோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்தாள். 4.50க்குக் கதை தொடங்கியது. ஏறத்தாழப் பாதிக் கதை சென்றிருக்கும். மேலும் இரு குடும்பங்கள் உள்ளே வந்தன. பெருநாள் விருந்தாளிகள் வந்திருக்கையில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருப்பது முறையன்று என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் அணைத்துவிட்டேன். "கார்ட்டூன் எங்கே போயிடப் போகுது?" என்று விருந்தினரிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது. அது கார்ட்டூன் அன்று என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவள் அழவில்லை. எழுந்து எல்லோருக்கும் ஸலாம் சொன்னாள். உம்மா கொடுத்த தட்டுகளை எடுத்துவந்து பரிமாறினாள். இரவு உறங்கப் போகும்முன் என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, அந்தப் பையனுக்கு வீடு கிடைச்சிருக்குமா?"

எந்தப் பையன் என்று எனக்குத் தெரியவில்லை. ராத்தாவுக்கும் தெரியவில்லை. மச்சானுக்கும் தெரியவில்லை. நான்கு மாதங்கள் எங்கள் வீட்டிலேயே நிகழ்ந்த காத்திருப்பைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

மறுநாள் அலுவலகத்தில் அந்த ஆங்கிலேய நண்பரிடம் கேட்டேன். அவர் முழுக் கதையையும் சொன்னார். வேற்றுக்கிரகத்தார் ஒரு குளிர்பானத்தை விளம்பரங்களின் வாயிலாக ஊரெங்கும் பரப்புகிறார்கள்; குடித்தவர்கள் தம் வசமிழந்து அவர்களுடைய கட்டளைக்கு அடங்கிவிடுகிறார்கள். அந்தத் தொழிற்கூடத்திலே தாயும் தந்தையுமின்றி, ஆய்வுக்காக உருவாக்கப்பட்ட ஒரு சிறுவன் இருக்கிறான். பெயர்கூட இல்லாதவன். இறுதியில் சாரா ஜேன் அவனுக்கு லூக் என்று பெயரிட்டுத் தம் மகனாக ஏற்றுக்கொள்கிறார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்: "கிடைச்சிருச்சும்மா. அந்த அம்மாவே தன் வீட்டுல வெச்சுக்கிட்டாங்க." அவள் முகம் மலர்ந்தது. என் முகம் தாழ்ந்தது. யத்தீமை அரவணைப்பதைப் பற்றி மக்தபில் அவளுக்குக் கற்பிக்கிறோம். ஆதரவற்ற ஒரு சிறுவனுக்கு வீடு கிடைத்ததா என்று அவள் ஓர் இரவு முழுவதும் கவலைப்பட்டிருக்கிறாள். அந்தக் கவலை எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டுப் பார்த்ததே இல்லை.

சிட்டுக்குருவியைப் பற்றிக் கேட்ட பெருமானார்

நம் அருமை நாயகம் (ஸல்) அவர்கள், ஒரு சிறுவன் வளர்த்த சிறு பறவை இறந்துபோனபோது, அவனிடம் அந்தப் பறவையைப் பற்றி அன்போடு விசாரித்த நிகழ்ச்சியை நாம் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு சமுதாயத்தின் பொறுப்பனைத்தையும் சுமந்திருந்த பெருமானாருக்கு, ஒரு சிறுவனின் குருவி சிறிய காரியமாகத் தோன்றவில்லை. அவனுடைய உலகில் அது பெரியது. ஆகவே அவர்களும் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சிறுவனுக்குக் குருவி. ராத்தாவின் மகளுக்குச் சாரா ஜேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். பிள்ளையின் மனம் எதில் தங்கியிருக்கிறதோ அதைக் கேட்டறிவது நம் கடமை. அக்கடமைக்கு முன்மாதிரி அங்கே இருக்கிறது என்றே சொல்கிறேன். பிள்ளை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அறியாதவர், அது எதற்காக அஞ்சுகிறது என்பதையும் அறியமாட்டார்.

ரமலானில் வந்த தொடர்

முழுத் தொடர் 2007 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. ரமலான் பிறந்து 10 நாள்கள் கடந்திருந்தன. அவளுக்கு 10 வயதாகியிருந்தது; அந்த ஆண்டுதான் முழு நோன்பு நோற்கத் தொடங்கினாள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட மாலைப்பொழுதில் ஒளிபரப்பு. இம்முறை நான் பணியிலிருந்து முன்னதாகவே புறப்பட்டு வந்து அவளருகில் அமர்ந்தேன். ராத்தா நோன்புக் கஞ்சியை அடுப்பில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தார்.

அக்டோபர் தொடக்கத்தில் வந்த ஒரு கதையை என்னால் மறக்கவியலாது. முதியோர் இல்லத்தில் பீ என்றொரு மூதாட்டி. மறதி நோயால் பாதிக்கப்பட்டவர். அவர் சொல்வதெல்லாம் பிதற்றல் என்று அங்குள்ளவர்கள் எண்ணுகிறார்கள். பிள்ளைகள் மட்டும் அமர்ந்து கேட்கிறார்கள். அவர் சொன்னவற்றில் உண்மை இருக்கிறது என்பது அவர்களுக்கே விளங்குகிறது.

அச்சமயம் ஊரில் எங்கள் உம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. தொலைபேசியில் பேசும்போது பேத்தியின் பெயரை மறந்து வேறு பெயரால் அழைப்பார். பிள்ளைக்குத் தெரியவேண்டாம் என்று நாங்கள் மறைத்து வைத்திருந்தோம். கதை முடிந்ததும் அவள் திரும்பி ராத்தாவைப் பார்த்தாள்.

"உம்மா, நம்ம உம்மம்மாவுக்கும் இதுதானா?"

ராத்தா பதில் சொல்லச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு அருகில் வந்து அமர்ந்து, ஆம் என்றார். நோன்பு திறக்கும்வரை மூவரும் பேசிக்கொண்டிருந்தோம். அவள் பல மாதங்களாக அதை உணர்ந்திருக்கிறாள். உம்மம்மாவுக்குத் தன் மேல் கோபம் என்று எண்ணி உள்ளூர வருந்தியிருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தபோது அவள் சலிக்காமல் உம்மம்மாவின் பழங்கதைகளைக் கேட்டாள். பெயரை மாற்றி அழைத்தபோதும் "சொல்லுங்க உம்மம்மா" என்றாள்.

அந்த மாலையில் நான் உடன் அமர்ந்திராவிட்டால், ராத்தா கதவோரம் நின்றிராவிட்டால், அக்கேள்வி யாரிடம் கேட்கப்பட்டிருக்கும்?

எதிர்ப்புகளும் அவற்றுக்கு விடையும்

இதைப் படிக்கும் பெற்றோர் சிலருக்கு மூன்று ஐயங்கள் எழலாம். அவை நியாயமானவை.

முதலாவது, கற்பனைக் கதை பொய்தானே என்பது. கேட்பவரை ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்வதே பொய். கற்பனை என்று இருசாராரும் அறிந்தே சொல்லிக் கேட்கும் கதை சிந்தனைக்கு ஒரு கருவி. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல், தனித்தீவில் மான் வளர்த்த ஒரு குழந்தை தன் அறிவால் படைப்பை ஆராய்ந்து படைத்தவனை உணர்வதாக 'ஹய் இப்னு யக்ளான்' என்னும் கதையை எழுதினார். அது 1671இல் இலத்தீனிலும் 1708இல் ஆங்கிலத்திலும் வெளிவந்து ஐரோப்பியரைச் சிந்திக்க வைத்தது. கற்பனையின் வாயிலாக உண்மையை அணுகும் வழியை நம் முன்னோரும் கையாண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, இத்தகைய தொடர்களில் நம் கொள்கைக்கு ஒவ்வாதவை வருமே என்பது. வரும். மேற்சொன்ன கதையிலேயே ஒரு தாயத்து வருகிறது. 2008இல் வந்த மற்றொரு கதையில் ஒரு ஜோதிடன் நட்சத்திரங்களின் பெயரால் மக்களைத் தன் வசப்படுத்துகிறான். உடன் அமர்ந்திருந்தால்தான் 'இதை நாம் இப்படி நம்புவதில்லை' என்று அந்த நொடியிலேயே சொல்ல முடியும். ஜோதிடன் வரும் கதையைப் பார்த்துவிட்டு ராத்தா மகளுக்குச் சொன்ன விளக்கம், ஒரு நூலில் படித்திருந்தால் அவள் மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திராது. தவறு என்று தெளிவாகத் தெரிவதைத் தடுக்கவும் வேண்டும். டேவிஸ் அதே 2006இல் 'டார்ச்வுட்' என்றொரு கிளைத்தொடரையும் தொடங்கினார். அது பெரியவர்களுக்கானது, இரவு 9 மணிக்குப் பின்னரே ஒளிபரப்பானது. ஒரே மரத்தின் கிளைதானே என்று பிள்ளையிடம் கொடுத்துவிட முடியாது. எது யாருக்கானது என்று அறிந்திருப்பதும் உடன் இருப்பதன் ஒரு பகுதியே.

மூன்றாவது, நேரம் வீணாகுமே என்பது. வாரம் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒரு தொடரால் நேரம் வீணாவதில்லை. முடிவில்லாமல் அடுத்தது, அடுத்தது என்று ஓடும் திரையால்தான் வீணாகிறது. பிபிசி 2007ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஐபிளேயர் என்னும் சேவையைத் தொடங்கியது. நினைத்த நேரத்தில் பார்க்கும் வசதி அதனால் பரவலாயிற்று. நோயாளிக்கும் பணிக்குச் செல்பவருக்கும் அது நன்மையே. எனக்கும் அந்த ஜனவரியில் அது இருந்திருந்தால், என் பிழையை அன்றிரவே திருத்தியிருப்பேன். ஆயினும் அதன்பின் வந்த சேவைகளில் ஒரு முழுத் தொடரும் ஒரே நாளில் வந்து குவிகிறது. அடுத்த வாரம் என்ன நிகழும் என்று இரவுணவின்போது பேசிக்கொள்ள ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிள்ளை காத்திருப்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது.

ஸப்ர் என்பதை நாம் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதாக மட்டுமே பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். விரும்பியது வரும்வரை நெஞ்சைக் கட்டுப்படுத்தி இருப்பதும் ஸப்ர்தான். யஅகூப் (அலை) அவர்களின் நெடுங்காலக் காத்திருப்பை அல்குர்ஆன் நமக்கு ஒரு வரலாறாகவே சொல்லித் தருகிறது. ஒரு வாரம் காத்திருக்கப் பழகாத பிள்ளை, வாழ்வின் பெரிய காத்திருப்புகளை எப்படித் தாங்கும்?

நம்மையும் திரையில் கண்டபோது

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இத்தகைய தொடர்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள், அந்த உலகில் தம்மைப் போன்றவர்களுக்கு இடமிருக்கிறதா என்று அமைதியாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2008இல் சாரா ஜேனின் எதிர்வீட்டுக்கு ராணி சந்திரா என்னும் இந்திய வம்சாவளிச் சிறுமி குடும்பத்தோடு வந்தாள். அவளுடைய தந்தை பள்ளித் தலைமையாசிரியர். அவளும் செய்தியாளராக விரும்புபவள். ராத்தாவின் மகள் அன்று முதல் ஒரு குறிப்பேட்டைக் கையிலேயே வைத்திருந்தாள்.

2011 செப்டம்பர் 17 அன்று மூலத்தொடரான 'டாக்டர் ஹூ'வில் ரீட்டா என்றொரு பாத்திரம் வந்தது. அறிவும் நிதானமும் மிக்க அப்பெண், தான் ஒரு முஸ்லிம் என்பதை எவ்விதப் பதற்றமுமின்றிச் சொல்கிறாள். அவ்வேடத்தை ஏற்ற அமாரா கரண், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அக்காலத்தில் முஸ்லிம் பாத்திரம் என்றாலே ஐயத்துக்குரியவராகவே காட்டப்படுவதைக் கண்டு சலித்திருந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு குளிர்காற்று. பெற்றோர் உடன் அமர்ந்து பார்த்திருந்தால் அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள். பாராதவர்களுக்கு, தம் பிள்ளை அன்று ஏன் சற்று நிமிர்ந்து நடந்தது என்பது தெரிந்திராது.

முடியாமல் நின்ற கதை

2011 ஏப்ரல் 19 அன்று எலிசபெத் ஸ்லேடன் புற்றுநோயால் காலமானார். வயது 65. தம் நோயைப் பற்றி வெளியில் அதிகம் சொல்லிக்கொள்ளாமலே நடித்துவந்தார். ஐந்தாம் பருவத்தின் பாதியே எடுக்கப்பட்டிருந்தது. அந்த 6 பகுதிகளும் அவ்வாண்டு அக்டோபரில் ஒளிபரப்பாயின. அவற்றுள் ஒன்று, வீடிழந்து தெருவில் உறங்கும் இளையோரைப் பற்றியது. அதோடு தொடர் நின்றது. வேறொரு நடிகையை வைத்து அதை நீட்டிக்கவில்லை.

நான் அப்போது ஊர் திரும்பியிருந்தேன். ராத்தாவின் மகளுக்கு 14 வயது. மறைவுச் செய்தி வந்த மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, இனிமே மீதிக் கதை வராது" என்றாள். சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவள் உம்மம்மாவைப் பற்றிக் கேட்டாள். உம்மா அதற்கு முந்திய ஆண்டு வஃபாத்தாகியிருந்தார்கள். "உம்மம்மா சொல்ல ஆரம்பிச்ச ஒரு கதையும் பாதியில நின்னுடுச்சு மாமா, அது உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு தொலைபேசியிலேயே அதை முழுவதும் சொன்னேன்.

ஒருமுறை நான் உடன் அமர்ந்ததன் பலன் அது. நான்காண்டுகள் கழித்து, துக்கம் வந்தபோது பேசுவதற்கு அவள் என்னைத் தேடினாள்.

நாம் செய்யக்கூடியவை

புதிய தொடர்கள் இனியும் வரும். நம் பிள்ளைகள் இனியும் காத்திருப்பார்கள். அப்போது நாம் செய்யக்கூடியவை எளியவை.

நம் பிள்ளை இப்போது எதற்காகக் காத்திருக்கிறது என்று இன்றே கேட்போம். பதிலைக் கேட்டவுடன் தீர்ப்புச் சொல்லாமல், 'அது எதைப் பற்றியது?' என்று இன்னொரு கேள்வியும் கேட்போம். அது யாருக்காக எடுக்கப்பட்டது, எந்த வயதினருக்கானது என்பதை நாமே விசாரித்து அறிவோம். தகாதது எனில் காரணத்தைச் சொல்லித் தடுப்போம். தகுந்தது எனில் முதல் பகுதியையேனும் அருகில் அமர்ந்து பார்ப்போம். எல்லாம் ஒரே நாளில் கிடைத்தாலும் வாரம் ஒரு பகுதி என்று வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவோம். தொழுகை நேரம் வந்தால் நிறுத்திவைத்து, சேர்ந்து தொழுதுவிட்டுச் சேர்ந்தே தொடர்வோம். விருந்தினர் வந்தால், நான் செய்ததுபோல் செய்யாமல், பிள்ளையிடம் ஒரு சொல் சொல்லி அனுமதி கேட்போம். அந்தத் தொடர் ஒரு பொருட்டல்ல. பிள்ளையின் மனம் ஒரு பொருட்டு.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அவர்களுடைய உணவுக்கும் கல்விக்கும் கணக்குக் கேட்கப்படும் என்று அஞ்சுகிறோம். அவர்கள் தனியே காத்திருந்த மாலைப்பொழுதுகளுக்கும் கணக்கு உண்டு என்பதையும் அஞ்சுவோமாக.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்கு அருகில் இருக்கும் பெற்றோராகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.